நூறு வெள்ளிப்பணம்

இடுக்கி மாவட்டத்து வட்டவடை மலைச்சரிவிலே பூண்டு பயிரிடுவோருள் பெரும்பாலோர் தமிழ் மக்கள். அப்பூண்டு 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் வணிகரிடம் முன்பணம் வாங்கியோர், அவர் சொல்லும் விலைக்கே விளைச்சலைக் கொடுப்பது அங்கே பழகிய வழக்கம்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்து உவமையிலே, பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பெற்ற ஊழியன் நூறு வெள்ளிப்பணத்துக்காகத் தோழனின் கழுத்தை நெரிக்கிறான். அந்த நூறு அற்பத் தொகை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று! திராட்சத் தோட்ட உவமையிலே ஒரு பணம் ஒருநாட் கூலி. எனின், நூறு பணம் நூறு நாள் உழைப்பு. அதனை விடுவது எவர்க்கும் வலிக்கும். ஆண்டவர் கேட்டதும் அந்த வலியுள்ள மன்னிப்பையே.

ஊரிலே உழும் உறவினர்க்கு நாம் கொடுத்த கைமாற்றும் நம் கணக்கேட்டில் இருக்கிறது. பூண்டு விலை வீழ்ந்த ஆண்டிலும் அதனை நினைவூட்டிக் கடிதம் எழுதினோர் நம்மிடையே உளர்.