ஓம், செய்கிறேன்

குதிக்கால் நோவுக்குப் போன பிசியோதெரபி அறையில் “பயிற்சி ஒழுங்காச் செய்யிறீங்களா சேர்?” என்று பயிற்சி சொல்லித்தந்த பிள்ளை கேட்கும்போதெல்லாம் “ஓம், செய்கிறேன்” என்றேன். செய்யவில்லை. வீட்டுவேலை செய்யாமல் வகுப்புக்கு வருகிற மாணவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிற வாத்தி நான். அவவுக்கு நான் பிடிபடவேயில்லை.

அவ சொன்னது பெரிய காரியமும் அல்ல. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கால்விரல்களுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, குதிக்காலை மூன்று செக்கன் எடுத்து உயர்த்தி, இரண்டு செக்கன் நிறுத்தி, மூன்று செக்கனில் இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். பலம் வர வர முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டுச் சுமையைக் கூட்ட வேண்டும். டென்மார்க்கில் இதே நோவுள்ள 48 நோயாளிகளை வைத்துச் செய்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில், இதைச் செய்தவர்கள் உள்ளங்கால் நார்ப்பட்டையை இழுத்து நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டையும் செய்யாத மூன்றாம் கூட்டம் நான்.

ஓடுகிறவன் என்று பெயர் எடுத்திருந்தேன். விடிய எழும்பி, 2010இல் திறந்த மன்னார்ப் புதுப்பாலத்தால் தாம்போதி வழியே தள்ளாடி என்ற இடம் மட்டும் ஓடித் திரும்புவேன். சோளகம் அடிக்கிற மாதங்களில் அந்தத் திறந்த வெளியில் காற்றோடு மல்லுக்கட்டித்தான் ஓட வேண்டும். அதிலும் ஒரு பெருமை. எதிரே மீன் ஏற்றிவரும் வண்டிக்காரர் கைகாட்டுவார்கள். அந்தக் கைகாட்டலுக்காகவே ஓடினேன் என்று இப்போது சொல்லலாம்.

அப்படி ஓடிய நாட்களில்தான் அது தொடங்கியது: காலையில் கட்டிலிலிருந்து வைக்கிற முதல் அடியில் குதிக்காலுக்குள் ஊரி குத்தியதுபோல் ஒரு நோ. குசினிக்குப் போய்த் தேத்தண்ணி குடிப்பதற்குள் அது இளகிவிடும். இளகுவதால் ஓடலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். மாலையில் வகுப்பில் நிற்க முடியாமல் மேசையில் சாய்ந்ததை அந்தத் தீர்ப்பில் சேர்க்கவில்லை.

குதிக்கால் எலும்பில் தொடங்கி விரலடி வரை போகும் தடித்த நார்ப்பட்டை தாங்கக்கூடியதற்கு மேல் சுமக்கும்போது வருகிற நோவு இது. அழற்சியால் வருவது என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 50 அறுவைச் சிகிச்சைகளில் எடுத்த நாரைச் சோதித்து 2003இல் அமெரிக்காவில் எழுதியவர்களோ, அழற்சியைவிட நார் நைந்துபோனதற்கான அடையாளங்களையே கண்டார்கள். நைந்த நார் ஒரு கிழமையில் தேறாது. பலருக்கு மாதக்கணக்காகும்.

மாதக்கணக்குக்கு எனக்கு எங்கே பொறுமை? செங்கல்லைச் சூடாக்கி எருக்கலை இலை பரப்பிக் குதிக்காலை வைத்தேன். சித்தாலேப பூசினேன். ஐஸ் போத்தலை உருட்டினேன். இவை எல்லாம் கொஞ்ச நேரத்துக்குச் சுகம் தந்தன, அதனால் வைத்தியம் பார்க்கிறேன் என்ற நினைப்பும் வந்தது. பிறகு எக்ஸ்றே எடுத்தபோது குதிக்காலில் முள் வளர்ந்திருப்பது தெரிந்தது. எனக்குச் சந்தோசம்! அந்தப் படத்தை ஆசிரியர் அறை முழுக்கக் காட்டினேன். முள் என்றால் அது வளர்ந்த குற்றம், ஓடிய குற்றம் இல்லையே. நோவே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் இருக்கும் என்று டொக்டர் சொன்னதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் ஸ்டீரோய்ட் ஊசி. ஊசி சில கிழமைக்குத்தான் அமர்த்தும், மேலே சுமை ஏற்றினால் நார் அறுந்தும் போகலாம், ஓட்டமும் நெடுநடையும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லித்தான் போட்டார்கள். நோ போய்விட்டது. அடுத்து மடு மாதா கோவிலின் ஆவணித் திருவிழா. மன்னாரிலிருந்து நடந்தேன். நேர்த்தி என்று வீட்டில் சொன்னேன். அப்படி ஒரு நேர்த்தியும் நான் வைத்ததில்லை. என்னைவிட இளையவர்கள் நடக்க, நான் வானில் போய் இறங்குவதை ஊர் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். உயிலங்குளம் தாண்டும்வரை முன்னுக்கு நடந்தேன். முருங்கன் வரும்போது விரல்நுனியில் நடந்தேன். யாரோ ஒரு புண்ணியவானின் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறித்தான் மாதாவிடம் போய்ச் சேர்ந்தேன். பொய் சொல்லி வந்தவனுக்கு வாசலில் கும்பிடக் கை எழவில்லை.

இதைவிட வெட்கமானது ஒன்று உண்டு. அம்மா பல வருடமாகக் காலையில் சுவரைப் பிடித்துத்தான் குசினிக்குப் போவார். “முதல் அடி வைக்கேலாதடா தம்பி” என்பார். வயசு, சீமெந்துத் தரை, பனடோல் ஒன்று போடுங்கோ என்று சொல்லிவிட்டு நான் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடுவேன். அதே நோ எனக்கு வந்த பிறகுதான் அது வைத்தியம் பார்க்க வேண்டிய வருத்தமானது.

இப்போது படியில் நிற்கிறேன், பையில் புத்தகங்களோடு. ஓட்டம் பாதியாகக் குறைந்திருக்கிறது. நோ இல்லாத கிழமைகளில் இன்னமும் பயிற்சியைக் கள்ளம் பண்ணுகிறேன். அம்மாவுக்கு மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குள் போட்டு நடக்கச் சொன்னேன். மாதா படம் இருக்கிற வீட்டுக்குள் செருப்போ என்று அதைக் கடுதாசியோடு அலுமாரிக்குள் வைத்துவிட்டார். கேட்டால், “ஓம், போடுறன்” என்கிறார்.