கொடுத்தவனின் கணக்கு

நியூ லின்னில் ரயில் தரைக்குக் கீழே ஓடுகிறது. 2010இல் தண்டவாளத்தை ஓர் அகழிக்குள் இறக்கிவிட்டார்கள். ஏழு வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாதக் குளிரில், அந்த நிலையத்துக்கு மேலேயுள்ள தெருவில் நின்றுதான் அந்தத் தொலைபேசி அழைப்பை எடுத்தேன்.

பேசியவர் ஆள் எடுக்கும் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த பெண். என் ஊர்ப்பக்கத்துத் தம்பி ஒருவன் ரெஃபரன்ஸுக்கு என் பெயரைக் கொடுத்திருந்தான். அவனை விமான நிலையத்திலிருந்து அழைத்துவந்தவனே நான்தான். வீட்டுக்குப் பின்னாலிருந்த ஸ்லீப்அவுட்டில் ஐந்து மாதம் வாடகை வாங்காமல் தங்கவைத்தேன். அவனுடைய சிவியை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தேன். அவர் கேட்ட வேலைக்கு அவன் தகுதியானவன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வேலை என் பதவியைவிட ஒரு படி மேலே இருந்தது.

"நல்ல பையன்தான்" என்றேன். ஒரு நொடி நிறுத்தினேன். "ஆனால் இவ்வளவு பெரிய பொறுப்புக்கு இன்னும் இரண்டு வருடம் ஆகட்டும்."

அவனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. சொல்வதற்கு வீட்டுக்கு வந்தான். டீ போட்டுக் கொடுத்து, தோளில் தட்டி, அடுத்தது அமையும் என்றேன். வெட்கக்கேடான விஷயம் என்னவென்றால், அன்றிரவு அவன்மேல் எனக்கு உண்மையாகவே பாசம் பொங்கியது. தோற்று வந்து என் சமையலறையில் உட்கார்ந்திருந்தவனை எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வருடம் அவன் என் உதவியில்லாமலே அதைவிடப் பெரிய வேலைக்குப் போனான். டிடிராங்கி மேட்டில் வீடு வாங்கினான். சபையில் அவனைக் கமிட்டிக்கு எடுத்தார்கள். நான் ஆராதனைக்குப் பிந்திப் போய் முந்தி வரத் தொடங்கினேன். வேலை அதிகம் என்று மனைவியிடம் சொன்னேன்.

பொறாமை என்ற சொல்லைப் பிரித்தாலே வைத்தியம் பாதி விளங்கும். அது பொறுக்க முடியாமை. மற்றவனுடைய நன்மையைச் சுமக்க என் முதுகில் பலமில்லை என்று பொருள். 1 சாமுவேல் 18இல் சவுல் தாவீதைப் பார்த்த பார்வைக்கு நம் பழைய தமிழ் வேதாகமம் காய்மகாரம் என்றொரு சொல்லைப் போடுகிறது. சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் அதை உரக்க வாசித்துச் சிரித்திருக்கிறோம். அப்போது கவனிக்காத ஒன்று உண்டு. தாவீதை அரண்மனையில் சேர்த்துக்கொண்டதும் சவுல்தான். தன் ஆயுதவர்க்கத்தை அவனுக்கு உடுத்திப் பார்த்ததும் சவுல்தான். கொடுக்கும்வரை கொதிப்பில்லை. தெருவில் பெண்கள் பாடிய எண்ணிக்கையில் தாவீது முந்திய பிறகுதான் கண் மாறியது.

மூன்று வருடங்களுக்கு முன், சபை இளைஞர்களுக்குப் பிஷப் அசரியாவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர். ஊர்ப்பெருமை பேசக் கசக்குமா? உற்சாகமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஒய்எம்சிஏவில் செயலாளர் பதவியில் இருந்தவர், 1909இல் குருப்பட்டம் பெற்று, தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனார். 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயர் ஆனார். இவையெல்லாம் எனக்கு முன்பே தெரியும். என்னைப் பிடித்து நிறுத்தியது இடையில் வந்த 1910. எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1200 பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபதுக்கும் குறைவு. 35 வயது அசரியா அவர்கள் முன் எழுந்து, வெள்ளை மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே நட்பில்லை என்றார். நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நன்றி. ஆனால் எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அரங்கில் பலருக்கு அது ரசிக்கவில்லை.

குறிப்பேட்டை மூடிவிட்டேன். அசரியாவின் ஊர்க்காரன் என்று பேசக் கிளம்பிய நான், அவர் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தவர்களின் வரிசையில் அல்லவா உட்கார்ந்திருந்தேன்? அறை கொடுத்தேன், சோறு போட்டேன், சிவி திருத்தினேன். தம்பி எனக்குச் சமமாக நிற்பதை மட்டும் கொடுக்கவில்லை. என் பொறாமைக்கு வேர் அவனுடைய வீட்டிலோ சம்பளத்திலோ இல்லை. கொடுத்தவன் என்ற என் பெருமையில் இருந்தது. தமிழில் பெருமை என்பது நல்ல சொல்லும்கூட. குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. அதனால்தானோ என்னவோ, அது நோயாக மாறும்போது சட்டென்று தெரிவதில்லை.

அந்தக் கூட்டத்தில் பேசுவதற்கு முன் அவனைப் பார்த்தாக வேண்டும் என்று தோன்றியது. பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற கட்டளையை எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருப்பேன்! அதைச் செய்ய ஒரு குறுஞ்செய்தி போதும், ஆனால் அனுப்ப நான்கு நாள் ஆனது.

ஆம்ப்ரிகோ பிளேசில் பழைய சூளை ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். செங்கல், குழாய், பிறகு கிரவுன் லின் கோப்பைகள் என்று களிமண்ணால் வாழ்ந்த ஊர் இது. 1989இல் அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. சூளைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிமுடித்தேன். அவன் சட்டைப்பைக்குள் கைவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியும்ணே."

"எப்படிடே?"

"ரெண்டு பேரு பேரைத்தான் குடுத்திருந்தேன். இன்னொருத்தர் எழுதுனத எனக்கே அனுப்பிட்டாரு."

"பெறவு ஏன் என்கிட்ட கேக்கல?"

"கோவம் இருந்துச்சுண்ணே. ஆறு மாசம் உங்க வீட்டுப்பக்கமே வரலியே. நீங்க கவனிக்கலியா?"

நான் கவனிக்கவில்லை. நான் செய்ததைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகம் சுட்டது. ஐந்து மாதம் தங்கவைத்ததை நாள் கணக்கோடு நினைவில் வைத்திருந்தவனுக்கு, அவன் வராத ஆறு மாதம் தெரியவே இல்லை.

மன்னிப்பைக்கூட நான் கேட்டு, நான் கொண்டுவரும் பொருளாக நினைத்திருந்தேன். அது எனக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்தது. கிருபை என்று ஐம்பது பாட்டில் பாடியிருக்கிறேன். கையேந்தி வாங்கும்போது இவ்வளவு கூசும் என்று எந்தப் பாட்டும் எனக்குச் சொன்னதில்லை. எரேமியா பார்த்த குயவனின் கையில் கெட்டுப்போன மண் வேறு பாத்திரமாகிறது. வனைகிறபோது மண்ணுக்கு வலிக்குமா என்று அங்கே எழுதியில்லை.

பொறாமை ஒரேயடியாகப் போய்விட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன். அவனுக்கு ஏதாவது நல்லது நடந்தால் முதல் நொடி இன்னும் நெஞ்சில் ஏதோ உரசும். இரண்டாவது நொடியில் அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கப் பழகியிருக்கிறேன். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

இந்த மார்ச்சில் என் கான்ட்ராக்ட் முடிந்துபோனது. ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, என் சிவியை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான்.

"இது வேண்டாம்ணே. உங்களப் பத்தி நீங்களே ரொம்பச் சொல்றீங்க."

அழித்தேன். அவன் மனைவி சோறு எடுத்துவைத்தாள். நான் எழுந்திருக்கவில்லை.