பன்னிரண்டு படங்கள்

மூன்று வாரமாக விரிவுரை முடிந்ததும் என் கால்கள் பெனின்சுலா கடைத்தொகுதிக்குத்தான் போகின்றன. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் யாஷிக்கா மேட் 124ஜி உட்கார்ந்திருக்கிறது. விலை 450 வெள்ளி. துணைப்பாட வகுப்பு நடத்தி நான் சேர்த்திருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள். மேலுள்ளது பார்க்க, கீழுள்ளது படமெடுக்க. குனிந்து பார்த்தால் உலகம் இடவலம் மாறித் தெரியும். 120 சுருள் ஒன்றில் 12 சதுரப் படங்கள், அவ்வளவே.

கடைக்காரர் எடுத்துக் கையில் கொடுத்தார். ஒரு நொடி வேகத்தில் வைத்து அழுத்தினேன். ஷட்டர் திறந்தது, மூடவில்லை.

"பழசு அல்லவா, எண்ணெய் இறுகியிருக்கும்" என்றார். சுத்தம் செய்ய இன்னும் 200 வெள்ளியாம். அதன் ஒளிமானிக்கு உரிய பாதரச மின்கலமும் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. என் கைப்பேசி இப்படியெல்லாம் செலவு வைக்காது. பேசாமல் திரும்பிவிட்டேன்.

ஆனால் கைப்பேசியில் பாட்டியின் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. போன ஆண்டு அது பழுதானபோது அத்தனையும் போயின. தாத்தாவுக்கு இருப்பது ஒரே படம். கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் யாரோ எடுத்த சதுரப் படம். அது இன்னும் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

பாட்டியிடம் சொன்னேன்.

"ஒரு சுருளுக்கு எத்தனை படம்டா வரும்?"

"பன்னிரண்டு, பாட்டி."

"எனக்கு ஒன்னு போதும். நான் கண்ண மூடுறதுக்குள்ள எடுத்துடு."

படமெடுக்கும்போது கண்சிமிட்டும் பழக்கத்தைத்தான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. நாளை முன்பணம் கட்டப் போகிறேன்.