ஐராவதி பாயும் நாடு

பாரத நாட்டின் கிழக்கெல்லையை அடுத்து, வடக்கே பனிமலையும் தெற்கே கடலுமாக நீண்டு கிடப்பது பர்மா நாடு. 1989-ஆம் ஆண்டு அதன் பெயர் மியன்மார் என மாற்றப்பெற்றது. எனினும், தமிழ்நாட்டு முதியோர் நாவில் பர்மா என்னும் பெயரே இன்றும் வழங்குகின்றது. பரப்பில் அது தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்கு பெரிது. 2014-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 5 கோடியே 15 இலட்சம் பேர். அவருள் பத்தில் எழுவர் சிற்றூர்வாசிகள்.

அந்நாட்டிற்குச் செவிலித்தாய் போன்றது ஐராவதி ஆறு. வடமலைகளில் தோன்றும் இரண்டு ஆறுகள் ஒன்றுகூடி ஐராவதியாகி, 2,000 கிலோமீட்டருக்கு மேல் தெற்கு நோக்கி ஓடிப் பல கிளைகளாகப் பிரிந்து அந்தமான் கடலிற் கலக்கின்றன. ஆற்றின் நடுப்பகுதி மழை குறைந்த நிலம். அங்கே எள்ளும் நிலக்கடலையும் துவரையும் விளைகின்றன. பனைமரங்கள் வரிசையாய் நிற்கின்றன; பதநீரைக் காய்ச்சி வெல்லமாக்கும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறளிக்கின்றது. திருநெல்வேலிச் சீமையினர் ஒருவரை அங்குக் கொண்டுபோய் விட்டால், தம் ஊரில் நிற்பதாகவே எண்ணுவர்.

அவ்வறண்ட நிலத்தின் நடுவேதான் பகான் என்னும் பழைய தலைநகர் உள்ளது. ஆயிரக்கணக்கான பௌத்தக் கோயில்கள் நிறைந்த அவ்விடத்தில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. மலைமண்டலத்து மகோதையர்பட்டினத்தைச் சேர்ந்த வணிகர் ஒருவர், அங்கிருந்த நானாதேசி விண்ணகரத்திற்கு மண்டபமும் கதவும் அமைத்து, விளக்கும் ஏற்றுவித்த செய்தியை அக்கல் கூறுகின்றது. கடல்கடந்த வணிகர் கடவுளையும் உடன்கொண்டு சென்றனர். பௌத்த நாடும் அவருக்கு இடந்தந்தது.

இனி, ஆற்றின் கழிமுகத்தைக் காண்போம். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயலாய்த் தோன்றும் அந்நிலம், 1852-இல் ஆங்கிலேயர் தென்பர்மாவைக் கைப்பற்றியபோது பெரும்பாலும் காடும் சதுப்புமாகவே கிடந்தது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பிய நாடுகளில் அரிசிக்குத் தேவை மிகுந்தது. வடபர்மாவிலிருந்து உழவர் கூட்டங்கூட்டமாகத் தெற்கே வந்தனர். புலியும் யானையும் திரிந்த காட்டை அழித்தனர், காய்ச்சலுக்கு மக்களைப் பலிகொடுத்தனர், மண்ணைத் திருத்தினர். இரண்டாம் உலகப் போருக்கு முன், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் டன் அரிசி அந்நாட்டிலிருந்து கப்பலேறியது. உலகில் வேறெந்த நாடும் அக்காலத்தில் அவ்வளவு அரிசியை ஏற்றுமதி செய்யவில்லை.

உழவன் கையில் கோடரி இருந்தது; காசு இல்லை. எருது வாங்கவும், கூலி கொடுக்கவும், அறுவடைவரை உண்ணவும் பணம் வேண்டும். அப்பணத்தைக் கொடுத்தவருள் முதன்மையானவர் செட்டிநாட்டு நகரத்தார். நிலத்தை அடகாகப் பெற்று வட்டிக்குக் கடன் கொடுத்தனர். நெல்லுக்கு விலை இருந்தவரை இருதிறத்தாரும் வாழ்ந்தனர். 1930-இல் உலகெங்கும் விலை வீழ்ந்தது. நெல்லின் விலை பாதிக்கும் கீழே இறங்கிற்று. வட்டியோ இறங்கவில்லை! அசலுக்கு ஈடாக நிலம் கைமாறியது. கழிமுகத்தின் பதின்மூன்று மாவட்டங்களில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே நகரத்தாரிடம் இருந்தது. 1938-இல் அது 25 பங்காயிற்று. காடு திருத்தியவன் தன் வயலிலேயே குத்தகைக்காரனாய் நின்றான். நகரத்தாருக்கோ வேண்டியது பணம். கிடைத்தது விற்க முடியாத நிலம். இவரைக் கொடியர் என்பாரும், உழவனைச் சோம்பேறி என்பாரும் அக்காலக் கணக்கேட்டைப் புரட்டிப் பாராதவரே.

1941 டிசம்பரில் சப்பானியர் இரங்கூனில் குண்டு வீசினர். இந்தியர் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினர். கப்பல் கிடையாதோர் அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் நடந்தே கடந்தனர்; வழியில் பசியாலும் நோயாலும் மாண்டவர் பல்லாயிரவர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1962-இல் படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்றினார். பின் கடைகளும் அரசுடைமையாயின. இரண்டாம் முறையாகத் தமிழர் வெறுங்கையுடன் கப்பலேறினர். சென்னையின் பர்மா பசாரும், மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே ஊரின் தமிழ்க்குடிகளும் அப்பெயர்ச்சியின் அடையாளங்கள்.

பர்மியர் இயல்பாக இன்முகத்தினர். தந்தை பெயரையோ குலப்பெயரையோ அவர் தம் பெயரோடு சேர்ப்பதில்லை. மாமன் எனப் பொருள்படும் 'ஊ' என்பதே ஆடவர்க்கு மதிப்புச் சொல். ஐக்கிய நாடுகள் அவையின் செயலாளராய் 1961 முதல் 1971 வரை விளங்கிய ஊ தாண்ட், கழிமுகத்துச் சிற்றூரில் பிறந்தவர். அவர் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தென்று கருதினோர் பலர்! அங்காடிகளில் விலைபேசி விற்போர் பெரும்பாலும் பெண்டிரே. தேயிலையை நீரில் இட்டுப் பருகுவதோடு, புளிக்கவைத்து உணவாகவும் உண்பர்.

2008 மே மாதத்தில் நர்கீசுப் புயல் அக்கழிமுகத்தைத் தாக்கியது. கடல் வயல்களின்மேல் ஏறிற்று. இறந்தோரும் காணாமற்போனோரும் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். உழவெருதுகளும் விதைநெல்லும் நீரோடு போயின. 2021-இல் மீண்டும் படையினர் ஆட்சியைப் பற்றியபின் மூண்ட உள்நாட்டுப் போரால், பல சிற்றூர்களில் விதைக்கும் பருவத்தே உழவர் வீட்டைவிட்டு ஓட நேர்ந்தது.

ஆயினும் ஏர் அறவே நின்றுவிடவில்லை. கார்மழை நெல் அறுவடையான பின், வயலில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டே கழிமுகத்தார் உளுந்து விதைக்கின்றனர். நீர் பாய்ச்சுதல் இல்லை; பனியும் மண்ணின் ஈரமுமே பயிரை வளர்க்கின்றன. அவர் உணவில் உளுந்துக்குப் பெரிதும் இடமில்லை. ஆதலின் விளைவிற் பெரும்பகுதி மூட்டைகளாய்க் கப்பலேறி இந்தியத் துறைமுகங்களை அடைகின்றது. நகரத்தார் ஒருகால் அடகு பிடித்து இழந்த அவ்வயல்களின் உளுந்து, இன்று தமிழ்நாட்டு வீடுகளில் இட்டலிக்கு ஊறிக்கொண்டிருக்கின்றது.