மகள் கேட்ட கொரியா சாதம்

கப்பலூருக்கும் கொரியாவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 1998-ல் ஹூண்டாய் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதும் கொரியாக்காரர்கள் வந்தார்கள். கூடவே அவர்கள் சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. அந்தப் பக்கம் வேலை பார்க்கும் என் மகள், ஹாஸ்டலில் இளைத்துப் போய் லீவுக்கு வந்து, "அம்மா, அந்த இறால் பிரைடு ரைஸ் பண்ணித் தாயேன்" என்றால் மறுக்க மனசு வருமா?

கோஸ், காரட், வெங்காயத்தாள் திருமங்கலம் உழவர் சந்தையில் வாங்கியது. (தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999-ல் நம்ம மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள்!) இறாலும் கணவாயும்தான் பார்த்து வாங்கணும். நமக்குக் கடல் பக்கத்தில் இல்லை. ஐஸில் பயணப்பட்டு வருவது. நெடி அடித்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இரண்டும் சேர்த்து அரைக் கிலோ, ஐந்து பேருக்குத் தாராளம்.

சோற்றை முதல் நாளே உதிரியாக வடித்து, ஆறினதும் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோறு ஆகாது. அதில் உண்டாகும் நஞ்சு வதக்கினாலும் போகாது.

அவர்கள் போடும் புளித்த மிளகாய் விழுதுக்குப் பதில், ஊறவைத்த ஆறு வரமிளகாய், பூண்டு, துளி வெல்லம், வினிகர் சேர்த்து அரைத்தேன். கோஸை உப்புப் போட்டு அரை மணி ஊறவைத்துப் பிழிந்தேன். எண்ணெய்க்கு நம்ம நல்லெண்ணெயே! அவர்கள் எள்ளை வறுத்து ஆட்டுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இறால், கணவாயை இரண்டு மூன்று நிமிஷம் வதக்கித் தனியே எடுத்துவிட்டு, காய், விழுது, சோறு என்று போட்டுக் கிளறிக் கடைசியில் சேருங்கள். அதிகம் வெந்தால் கணவாய் ரப்பர்தான்.

குழந்தைக்கு முதல் தடவை என்றால் துளி இறால் போதும். உதடு வீங்கினாலோ, இழுப்பு வந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடணும். மாமியாருக்கு மட்டும் விழுது சேர்க்கும் முன்பே தனியாக எடுத்து வைத்தேன். "காரமே இல்லையேடி" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்!