யாருக்காகச் சொன்னோம்?

“அழாதீர்கள், அம்மா. எல்லாம் இறைவனின் சித்தம்.” இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான குருத்துவப் பணியில் எத்தனை துக்க வீடுகளில் நாம் இவ்வாறு கூறியிருப்போம்! கூறிவிட்டு, கடமை முடிந்தது என்ற நிறைவோடு திரும்பியும் இருக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனைக் குளத்தில் பறிகொடுத்தார். (அவருடைய இசைவோடு, அடையாளங்களை மாற்றியே இதனை எழுதுகின்றோம்.) அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் நம்மைத் தேடி வந்து, “அன்றைக்கு அவனைக் குளிக்க அனுப்பியது நான்தானே, சாமி? நானும் ஒரு தாயா?” என்று கேட்டார். அவர் சொல்லி முடிக்குமுன் நாம் ஆறுதல் மொழியைத் தொடங்கிவிட்டோம். தலையசைத்துக் கேட்டார், எழுந்து சென்றார், பின்னர் நம்மிடம் வரவேயில்லை.

அது நம்மை உறுத்தியது. ஆற்றுப்படுத்தும் கலையை முறையாகக் கற்கப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தோம். அங்கே அறிமுகமானதே ‘ஏற்பும் உறுதிப்பாடும்’ சார்ந்த உளச்சிகிச்சை. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘ஆக்ட்’ என்பர். செயல்படு என்பது அச்சொல்லின் பொருள். இதனை 1980-களில் உருவாக்கத் தொடங்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ். 1978-இல் துறைக் கூட்டமொன்றில் அவர் பேச முயன்றபோது திகிலால் குரலே எழவில்லை. அச்சத்தை விரட்ட விரட்ட அது வளர்வதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட மன அழுத்தக் கையேடும் இம்முறையைத் தழுவியதே. அதன் பயிற்சிகள், உகாண்டாவில் தஞ்சம் புகுந்த தென்சூடான் பெண்களுக்குக் குழுவாகக் கற்பிக்கப்பட்டுப் பயன் தந்தவை.

இம்முறையின் திறன்கள் ஆறு. துன்ப உணர்வுக்கு உள்ளத்தில் இடங்கொடுத்தல், எண்ணத்தினின்று சற்று விலகி, அதனை எண்ணமாகவே காணுதல், இந்நேரத்தில் நிலைத்திருத்தல், எண்ணங்கள் வந்துபோகும் களமாகத் தன்னை உணர்தல், தனக்கு உயர்வானது எதுவெனத் தெளிதல், அதற்கேற்ப ஓர் அடியேனும் எடுத்துவைத்தல். ஏற்றல் என்பது, விதி என்று சோர்ந்து கிடத்தல் அன்று; வலியையும் உடன்கொண்டு நடத்தல்.

ஏட்டளவில் இவை எளியவை. உடன் பயின்ற ஒருவர் துயருற்றவராக நடிக்க, நாம் ஆற்றுப்படுத்துநராக அமர்ந்தோம். இரண்டு நிமிடங்களுக்குள் அறிவுரை கூறத் தொடங்கிவிட்டோம். பயிற்சியாளர் இடைமறித்து, “இப்போது உங்கள் நெஞ்சில் என்ன நிகழ்கிறது, ஃபாதர்?” என்றார். கூர்ந்து நோக்கினோம். தொண்டை இறுகியிருந்தது. ‘இவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லையே, நான் எதற்குக் குரு?’ என்ற எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உண்மை விளங்கிற்று. அன்று நாம் ஆறுதல் சொன்னது அந்தத் தாய்க்காக அன்று. அவர் கண்ணீரைக் காணப் பொறாத நமக்காகவே!

பயிற்சிக்குப் பின் அவர் இல்லம் சென்று, பேசவிடாமல் தடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். இம்முறை, அவர் பேசியதையும் பேசாதிருந்ததையும் பொறுமையாகக் கேட்டோம். “நான் கெட்ட தாய்” என்றார். அதனை மறுக்கவில்லை. “ ‘நான் கெட்ட தாய்’ என்ற எண்ணம் எனக்கு வருகிறது” என்று சொல்லிப் பார்க்குமாறு வேண்டினோம். மெல்லச் சொன்னார். எண்ணம் அகலவில்லை, எனினும், அதற்கும் அவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் பிறந்தது. இனி யாருக்காக வாழ விழைகின்றீர்கள் என்று வினவினோம். “சின்னவளுக்காக” என்றார்.

பள்ளிக்குச் செல்லும் வழி குளக்கரையை ஒட்டியது. அதனாலேயே மகளை அழைத்துச் செல்வதை அவர் விட்டிருந்தார். முதல் வாரம் தெருமுனை ஆலமரம் வரை மட்டும் உடன் நடந்தார். அடுத்து, கரை தொடங்கும் இடம் வரை. ஒரு நாள் வந்து, “இன்றைக்குப் பள்ளி வாசல் வரைக்கும் போனேன், சாமி. வழியெல்லாம் அழுதேன். அவள் என் கையை விடவில்லை” என்றார்.

இது எல்லா நோய்க்கும் மருந்தன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையோரைத் தாமதமின்றி மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். நாமும் வல்லுநராகிவிடவில்லை, மூத்த ஆற்றுப்படுத்துநர் ஒருவரின் மேற்பார்வையில் இன்னும் பயில்கின்றோம்.

அன்பு வாசகர்களே, துக்க வீட்டில் “அழாதே” என்னும் சொல் உங்கள் நாவில் எழுமானால், அது யாருக்காக எழுகின்றது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பின்பு ஒன்றும் சொல்லாமல் அவர்கள் அருகில் அமருங்கள்.