முதுகில் எழுதிய எண்

சண்டிகர் நாற்காலிகளைப் பற்றி இரண்டு விதமான புலம்பல்களைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒன்று, கையிலிருந்த பொக்கிஷத்தை அருமை தெரியாமல் விறகு விலைக்குத் தள்ளிவிட்டோம் என்பது. மற்றது, வெள்ளைக்காரன் வந்து நம் சொத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்பது. முதலாவதைச் சொல்கிறவர்கள் ரசனை உள்ளவர்கள். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் தேசபக்தி உள்ளவர்கள். இரு கட்சியாரிலும் நான் சந்தித்தவர்களுக்குப் பொதுவான ஒரு குணம், அந்த நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்ததில்லை. நான் 1978-லிருந்து 1984 வரை அதில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன். உட்கார்ந்தது மட்டுமல்ல, அவற்றை எண்ணுவதும் என் வேலையாக இருந்தது. தணிக்கை இலாகா குமாஸ்தாவுக்கு வருஷத்தில் சில வாரங்கள் பிற ஆபீஸ்களின் டெட் ஸ்டாக் ரிஜிஸ்தரைச் சரிபார்க்கிற உத்தியோகம் உண்டு. ரிஜிஸ்தரில் எண் இருக்கும்; நாற்காலியின் முதுகுச் சட்டத்துக்குப் பின்னால் வெள்ளைப் பெயிண்டில் இலாகாவின் எழுத்துகளும் அதே எண்ணும் இருக்கும். இரண்டும் பொருந்தினால் பென்சிலால் ஒரு டிக். அந்த டிக் போட்டவன் என்ற யோக்யதையில்தான் இதை எழுதுகிறேன்.

1947-ல் லாகூர் அந்தப் பக்கம் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போயிற்று. அகதிகளின் மாகாணத்துக்குப் புதிதாய் ஒரு நகரம் வேண்டும் என்று நேரு விரும்பினார். லெ கார்பூசியே 1951-ல் வந்து திட்டத்தை ஏற்றுக்கொண்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வந்துபோய்க்கொண்டிருந்தவர். அங்கேயே வீடெடுத்துத் தங்கி, வெயிலில் நின்று, கோப்புகளோடு மல்லுக்கட்டி, 1965 வரை வேலையை நடத்தியவர் அவருடைய உறவினரான பியர் ழான்னரே. ஐரோப்பாவில் 1920-களின் கடைசியில், கார்பூசியே, ஷார்லொத் பெரியாங் இருவரோடும் சேர்ந்து எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்தவர்தான் அவர். சண்டிகரில் வளைக்க எஃகுக் குழாயும் அதற்கான தொழிற்சாலையும் இல்லை. தேக்கு இருந்தது, பிரம்பு இருந்தது, மரம் இழைக்கத் தெரிந்த மிஸ்திரிகள் இருந்தார்கள். இருந்ததைக் கொண்டு யோசித்தார்.

அந்த நாற்காலியின் உருவத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஜியோமிதிப் பெட்டியிலுள்ள கவராயத்தை விரித்து நிறுத்தினாற்போல் பக்கத்துக்கு இரண்டு கால்கள், மேலே அவை சேருமிடத்தில் கை வைக்கத் தட்டையான ஒரு பலகை, உட்காரவும் சாயவும் பிரம்புப் பின்னல். அவ்வளவுதான். தேக்கை அரிப்பது கரையானுக்குச் சுலபமல்ல. மே, ஜூன் மாதத்துப் பஞ்சாப் வெயிலில் பிரம்பு முதுகுக்குக் காற்று விடும். கைப்பலகை ஒரு டீ கிளாஸ் நிற்கும் அளவுக்கு அகலம். ழான்னரே டீயை மனத்தில் வைத்துத்தான் அந்த அகலத்தைக் கொடுத்தார் என்று எங்கள் செக்ஷனில் ஒரு சர்தார்ஜி சத்தியம் செய்வார். பிரம்பு தொய்ந்தால் நடுவில் குழி விழும். அப்போது பழைய லெட்ஜர் ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்காருவோம். பின்னல்காரனுக்கு அலவன்ஸ் வராத வருஷங்களில் பிளாஸ்டிக் ஒயரால் பின்னினார்கள். உட்கார்ந்து எழுந்தால் சட்டையில் கட்டம் கட்டமாகச் சுருக்கம் விழும்.

ஆறு வருஷத்தில் அதன் அழகைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. இதை ரசனைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்திருக்கிறவனுக்கு நாற்காலியின் நினைவு வந்தால் அந்த நாற்காலியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். மறக்கப்படுவதுதான் அதன் தர்மம். செருப்புக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அப்படித்தான். நாங்கள் மறந்தோம், அந்த அளவுக்கு அது நல்ல நாற்காலி.

பிறகு கண்டம் செய்வது. கை ஒடிந்தது, கால் ஆடுவது, பின்னல் போனது எல்லாம் மொட்டை மாடிக்கு ஏறும். மழையிலும் வெயிலிலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மூன்று பேர் கமிட்டி வந்து பார்த்து, ரிப்பேர் செலவு புது நாற்காலியின் விலையை நெருங்குகிறது என்று எழுதும். பிறகு ஏலம். ஏலத் தொகை கஜானாவில் கட்டிய சலானை ரிஜிஸ்தரோடு ஒட்டியிருப்பார்கள். எண்ணைச் சிவப்பு மையால் அடித்திருப்பார்கள். நான் சலானைப் பார்த்து டிக் போடுவேன். அந்த டிக்கை இன்றைக்கும் மாற்றமாட்டேன். கை ஒடிந்த நாற்காலி கை ஒடிந்த நாற்காலிதான். கணக்கு பொய் சொல்லவில்லை.

1990-களின் கடைசியிலிருந்து பிரான்சு நாட்டு வியாபாரிகள் சிலர் இந்த ஏலங்களுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒழுங்காக விலை கேட்டு, பணம் கட்டி, ரசீது வாங்கி, கப்பலில் ஏற்றினார்கள். அங்கே மரத்தைத் தேய்த்து, புதுப் பிரம்பு பின்னி, பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் மறுபடி ஏலம் விட்டார்கள். மாடியில் விறகாகக் கிடந்தது லட்சங்களுக்குப் போயிற்று. நாற்காலி மட்டுமல்ல, மேஜை, புத்தக அலமாரி, விளக்கு, நகரத்தின் வரைபடத்தை வார்த்த சாக்கடை மூடிகூட ஏலத்துக்கு வந்தது.

இதைச் சிலைத் திருட்டோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. பத்தூர் நடராஜரை மண்ணிலிருந்து எடுத்துக் கள்ளத்தனமாக லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். வழக்காடி 1991-ல் திரும்பப் பெற்றோம். அங்கே வழக்காட ஒரு திருட்டு இருந்தது. இங்கே வழக்காட என்ன இருக்கிறது? சலான் இருக்கிறது, நான் போட்ட டிக் இருக்கிறது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தின்படி இப்படிப்பட்ட பொருளுக்கு நூறு வயதாக வேண்டும். நாற்காலிக்கு அதில் பாதிதான் ஆகியிருந்தது. 2011-ல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாது என்று உத்தரவு போட்டது. பிறகு ஒரு கமிட்டி உட்கார்ந்து பாரம்பரியப் பொருள்கள் 12,793 என்று கணக்கெடுத்தது. அதாவது ஒரு புதிய ரிஜிஸ்தர்.

என்னைத் தொந்தரவு செய்வது விலையல்ல, அந்த எண். உலகச் சந்தையில் இந்த நாற்காலி அசல்தான் என்பதற்கு முக்கியமான அத்தாட்சி, முதுகில் பெயிண்டில் எழுதிய இலாகா எழுத்தும் எண்ணும். மரத்தை எல்லாம் தேய்த்துப் புதிதாக்குகிறவர்கள் அந்த இடத்தை மட்டும் தொடுவதில்லை. ஏலப் புத்தகங்களில் முன்னழகுக்கு ஒரு படம், முதுகு எண்ணுக்கு ஒரு படம். போலி செய்கிறவர்களும் எண்ணைத்தான் கவனமாக எழுதுகிறார்களாம். ஓவியத்தில் மூலையில் இருக்கும் கையெழுத்தின் ஸ்தானம் அதற்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அது யாருடைய கையெழுத்து? ழான்னரேயுடையதல்ல. அவர் எதிலும் பெயர் பொறித்தவரல்ல. அவரோடு வேலை பார்த்த யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களின் யோசனை எந்த வளைவில் இருக்கிறது என்பதை நாற்காலி சொல்லாது. வரைபடம் ஒன்றே, செய்த பட்டறைகள் பல. அதனால் ஒன்றின் கால் கொஞ்சம் தடிப்பு, மற்றதன் கைப்பலகை கொஞ்சம் சரிவு. அந்த வித்தியாசங்களில் மிஸ்திரியின் கை இருக்கிறது, பெயர் இல்லை. பெயர் உள்ளவரும் எழுதவில்லை, பெயர் இல்லாதவரும் எழுதவில்லை. ஏதோ ஓர் ஆபீஸ் பியூன், காணாமல் போகக்கூடாதே என்று பிரஷ்ஷால் எழுதிய எண்தான் கடைசியில் படைப்பாளியின் கையொப்பமாயிற்று. விமர்சகர்களாகிய நாம் ஆசிரியன், பிரதி என்று விவாதித்துக்கொண்டிருந்த விஷயத்தை ஒரு பெயிண்ட் டப்பா முடித்து வைத்துவிட்டது.

எமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013-ல் ‘ப்ரோவனன்ஸ்’ என்று ஒரு படம் எடுத்தார். வசனம் கிடையாது, வர்ணனை கிடையாது. பணக்கார வீடுகளின் கூடங்களில் இந்த நாற்காலிகள் நிற்கின்றன. அங்கிருந்து படம் பின்னோக்கி நடக்கிறது: ஏலக்கூடம், மரம் தேய்க்கும் பட்டறை, கப்பல், கடைசியில் சண்டிகர் ஆபீஸ். கூடங்களில் விளக்கு வெளிச்சம் நாற்காலியின்மேல் விழுகிறது. ஆபீஸில் ட்யூப்லைட் எல்லார்மேலும் விழுகிறது. அதே வருஷம் அந்தப் படத்தையே லண்டனில் ஏலத்துக்கு விட்டு, அந்த ஏலத்தையும் அவர் படமெடுத்தார். சந்தையைச் சுட்டிய விரலையும் சந்தை வாங்கிக்கொண்டது. சுட்டியவருக்கு அது தெரிந்தும் இருந்தது.

நம் சிறு பத்திரிகைகளில், கலை பயனுக்கு அப்பாற்பட்டது, பயன் கழிந்த இடத்தில்தான் கலை தொடங்குகிறது என்று வாதாடியவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான், பெரும்பாலும். ஆனால் அந்த வாதத்தை வார்த்தைக்கு வார்த்தை நிறைவேற்றிக் காட்டியவன் ஏலக்காரன். உட்காருவதைக் கழித்தான், கலை தொடங்கிவிட்டது. யாரும் உட்காராத நாற்காலிக்குத்தான் அதிக விலை. நம்முடைய அழகியல் இவ்வளவு சுலபமாக வியாபாரியின் கையில் பொருந்துமென்றால், அதில் எங்கேயோ ஓர் ஆணி கழன்றிருக்கிறது. கவிதை நாற்காலியல்ல என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நாற்காலி கவிதையாகிவிட்ட பிறகு அப்படிச் சொல்வது கொஞ்சம் கூச்சமாயிருக்கிறது.

நாம் இழந்தது என்ன என்பதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. அது பணமும் அல்ல, பாரம்பரியமும் அல்ல. புதிதாய்ப் பிறந்த, கடனில் இருந்த ஒரு அரசு, தன் குமாஸ்தாவின் முதுகு எப்படிச் சாயும் என்று யோசிக்க ஓர் ஆளை நியமித்தது. அந்த யோசனையைத்தான் இழந்தோம். அதை சமத்துவம் என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். சண்டிகரில் அரசாங்க வீடுகளே பியூனிலிருந்து முதல்மந்திரி வரை 13 தரம். நாற்காலிகளிலும் நீதிபதிக்குத் தோல் மெத்தை, எனக்குப் பிரம்பு. ஆனால் இரண்டையும் யோசித்தது ஒரே மூளை. கீழ்த்தட்டுக்கு என்று அலட்சியமாக எதையும் வரையவில்லை. அதன் இடத்தில் பின்னால் வந்தது என்ன? மேலதிகாரிக்குச் சுழல் நாற்காலி, அதன் முதுகில் ஒரு துவாலை. மற்றவர்களுக்கு டெண்டரில் எது மலிவோ அது. ழான்னரேயின் நாற்காலியிலேயே துவாலை போட்டு உட்கார்ந்த அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். எண்ணைச் சரிபார்க்க அந்தத் துவாலையைத் தூக்க வேண்டும். தூக்கலாமா என்று முதலில் அவருடைய பி.ஏ.வைக் கேட்க வேண்டும். அந்த நாற்காலியைப் பற்றிய நம்முடைய ஒரே சுதேசி விமர்சனம் அந்தத் துவாலைதான் என்று நினைத்துக்கொள்வேன்.

எறியவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், வேறு வழி உண்டா? உண்டு என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைக்க, 1930-களின் பிற்பகுதியில் கட்ட ஆரம்பித்தது. அங்கே தங்கி வேலை பார்த்த ஜார்ஜ் நகஷிமா அந்த அறைகளுக்கென்றே தேக்கில் சாமான்கள் செய்வித்தார். அதே நகஷிமாவின் பெயருக்கு அமெரிக்க ஏலக்கூடங்களில் இன்று என்ன விலை என்று சொல்ல வேண்டியதில்லை. கோல்கொண்டேயில் அவை விலையும் ஆகவில்லை, காட்சியும் ஆகவில்லை. தங்குகிறவர்கள் புழங்குகிறார்கள், துடைத்து வைக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஆன்மீகக் கட்டுப்பாடு இருக்கிறது, ஸர்க்கார் ஆபீஸில் அதை எதிர்பார்க்க முடியுமா என்று கேட்பீர்கள். துடைப்பதற்கு ஆன்மீகம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பின்னல்காரனுக்கு வருஷா வருஷம் ஒதுக்க ஒரு சிறு தொகையும், கை ஒடிந்தால் ஒட்டிக் கொடுக்க ஒரு மிஸ்திரியும் போதும்.

ழான்னரே உடல்நலம் கெட்டு 1965-ல் சண்டிகரை விட்டுப் போனார். 1967-ல் ஜெனிவாவில் காலமானார். அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியை 1970-ல் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்த ஏரியில் அவர் வடிவமைத்த மிதிபடகுகளில் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், யார் செய்தது என்று கேட்காமல்.

2011-ம் வருஷத்து உத்தரவுக்குப் பிறகு சில ஆபீஸ்களில் நல்ல நாற்காலிகளை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று இன்னும் அங்கேயே இருக்கும் நண்பர் சொன்னார். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். எனக்கு அதில் சந்தோஷமில்லை. பூட்டின அறையும் பாரிஸ் கூடமும் நாற்காலிக்கு ஒன்றுதான். வேறு சில செக்ஷன்களில் அவை இன்னும் புழக்கத்தில் இருக்கின்றனவாம். பின்னல் தொய்ந்து, நடுவில் லெட்ஜர் போட்டு, கைப்பலகையில் டீ கிளாஸின் வட்டம் வட்டமான கறைகளோடு. அந்தக் கறைகளை யாரும் தேய்க்காமலிருந்தால் நல்லது.